சத்தம் போடாத சல்லடை

சந்திரம்மாள்: …இப்படி ஒவ்வொரு கல்லா நோண்டி எடுத்தா நாளைக்கு விடிஞ்சாலும் முடியாது மாமா. அந்தச் சின்னக் கம்பிய இந்தப் பக்கம் தள்ளு.

சந்திரம்மாள்: மாமா! கம்பி!

சந்திரம்மாள்: ஏ மாமா, உன்னத்தான்! எதுத்தாப்புல குத்தவெச்சுக்கிட்டு காதுலயே வாங்கலன்னா என்ன அர்த்தம்?

வடிவேல்: என்னாடி… தோள்ல எதுக்கு அடிக்கிற?

சந்திரம்மாள்: கம்பி கேட்டேன், கம்பி! தொண்டத் தண்ணி வத்திப்போச்சு எனக்கு.

வடிவேல்: மொதல்ல மூஞ்சில சுத்தியிருக்கிற துணிய அவுரு. துணிக்குள்ளாறயே முணுமுணுத்தா எவனுக்குப் புரியும்? கல்லொடைக்கிற கிரஷரே நின்னு கெடக்கு, இப்ப என்ன தூசி வாழுது?

சந்திரம்மாள்: சரி, அவுத்துட்டேன். அந்தக் கம்பியக் குடு.

வடிவேல்: இந்தா. அத இப்படி நேராச் சொல்றதுக்கென்ன?

சந்திரம்மாள்: நேராத்தான்… அட போ மாமா. உன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியாது. ரப்பராம் ரப்பர்! கல்லு சலிக்க ரப்பர்ல சல்லடையாம். இது சல்லடையா, கல்லுக்குக் கட்டுன வீடா? ஓட்டைக்கு ஒரு கல்லு குடியிருக்கு.

வடிவேல்: எவன் வாங்கச் சொன்னான்? கம்பிச் சல்லடை அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. அறுந்தா மாத்தப் போறேன், அதுக்குத்தான ஃபிட்டர்னு ஒருத்தன் இருக்கேன். எவனோ ஏஜெண்ட்டு வந்து மொதலாளி லாலா காதுல ஊதிட்டுப் போயிட்டான். எப்பேர்ப்பட்ட கல்லு உரசுனாலும் தேயாது, வருசக்கணக்குல ஒழைக்கும், சத்தமே வராதுன்னு. இப்பப் பாரு!

சந்திரம்மாள்: மொத நாலு நாள் நல்லாத்தான ஓடுச்சு?

வடிவேல்: ஓடுச்சு… அப்புறம் ஓடல.

சந்திரம்மாள்: அந்த நாலு நாளும் எவ்வளவு சொகமா இருந்துச்சு! கல்லு விழுந்தாலும் தலகாணில விழுற மாதிரி தொப்பு தொப்புன்னு… வீராயி பாட்டுப் பாடுனா மாமா. இத்தன வருசமா அவ பக்கத்துல நின்னுதான் ஜல்லி அள்றேன். அவளுக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாது.

வடிவேல்: பாட்டுக் கேக்கவா டெல்லிக்கு வந்தோம்?

சந்திரம்மாள்: அதுக்கு ஏன் எரிஞ்சு விழுற? இப்பெல்லாம் எதச் சொன்னாலும் எரிச்சல், இல்லன்னா தலையாட்டல். நேத்து உன் மக மீனாக்ஷி உன்கிட்ட என்ன கேட்டா?

வடிவேல்: என்னமோ கேட்டா.

சந்திரம்மாள்: 'பாபா, பக்கத்து ஜுக்கிக் குடிசைப் பிள்ளைங்களோட குதுப்மினார் போகட்டுமா'ன்னு கேட்டா. நீ 'அச்சா அச்சா'ன்னு தலைய ஆட்டிட்ட. அவ பாட்டுக்குப் போயிட்டா. நான் இங்க பொழுது சாயிற வரைக்கும் பிள்ளையக் காணோம்னு தெருத்தெருவாத் தேடுறேன்!

வடிவேல்: அவ வாய்க்குள்ளயே ஹிந்தியப் போட்டு மென்னா எனக்கென்ன தெரியும்? பெத்தவன்கிட்டத் தமிழ்ல பேசச் சொல்லு.

சந்திரம்மாள்: சரி சரி, கல்ல நோண்டு. என் மூஞ்சியவே என்ன பாத்துக்கிட்டிருக்க? நேத்துத்தான் கட்டிக்கிட்டு வந்தியா என்ன?

வடிவேல்: நீ பேசுற, பாக்குறேன். கட்டுனவளப் பாக்கவும் கூடாதா?

குழந்தைசாமி: மாப்ளே! ஏ வடிவேலு மாப்ளே!

குழந்தைசாமி: மாப்ளே! எவ்வளவு தூரம் முடிஞ்சுது?

சந்திரம்மாள்: மாமா… கீழ பாரு. அண்ணன் ஏணிகிட்ட நிக்குறாரு. உன்னத்தான் கூப்பிடுறாரு.

வடிவேல்: ஆங்… கேட்டுச்சு கேட்டுச்சு. கைல வேல இருக்குல்ல? என்ன மச்சான்!

குழந்தைசாமி: என்ன மச்சானா? கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் நோவுது. இரு, மேலயே வரேன்… அப்பாடா! முட்டி ரெண்டும் கழண்டுரும் போல இருக்கு. அடக் கடவுளே, என்ன மாப்ளே இது? ஒரு ஓட்டையாவது தெறந்திருக்கா?

வடிவேல்: நாங்க என்ன தூங்கிக்கிட்டா இருக்கோம்? எடுக்க எடுக்க அடைச்சிக்கிட்டே இருக்கு.

குழந்தைசாமி: கீழ லாரிக்காரனுங்க ஹாரன அமுக்குற அமுக்கு காதப் பொளக்குது. உனக்கு உறைக்கவே இல்லையா?

வடிவேல்: அடிச்சா அடிச்சிட்டுப் போறான்.

குழந்தைசாமி: நல்லாச் சொன்ன போ! லோதி ரோடு ஸ்டேடியத்துக்குப் போற ஜல்லி அது. ஏஷியாட் வெளையாட்டுப் போட்டி வேல, நம்மளுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? செவ்வாக்கெழமையிலேருந்து ஒரு லாரி ஒழுங்காப் போகல. லாலா சாப்பிட்டுட்டு இப்ப வந்துருவாரு. ஏஜெண்ட்டையும் இழுத்துக்கிட்டு வராராம்.

வடிவேல்: வரட்டும். நல்லா நாலு கேள்வி கேக்கட்டும்.

குழந்தைசாமி: கேக்குறது அவன மட்டுமில்ல மாப்ளே. கண்டிப்பாச் சொல்லிட்டாரு. அவர் வந்து நிக்கும்போது ரப்பர் ஓடலன்னா ரப்பர ஏஜெண்ட்டு தலைலயே கட்டிட்டு, கையோட ஃபிட்டரையும் மாத்திடுவாராம். நான் வெறும் மேஸ்திரி. என் தங்கச்சி புருசன், விட்டுருங்கன்னு சொன்னா லாலா விட்ருவாரா?

வடிவேல்: பொருள் சரியில்லன்னா ஃபிட்டர் என்ன பண்ணுவான்? பழையபடி கம்பியப் போடச் சொல்லுங்க. மளமளன்னு மாட்டி ஓட்டிக் காட்டுறேன்.

குழந்தைசாமி: எதுக்கெடுத்தாலும் கம்பி, கம்பி! அந்தச் சனியன் சத்தத்துல வீட்டுக்குப் போனப்புறமும் என் தலைக்குள்ள மிசின் ஓடும். சோறு போட்டியான்னு கேட்டா எம் பொண்டாட்டி குஞ்சம்மாள் ஏன் கத்துறேன்னு சண்டைக்கு வருவா. இப்பத்தான் நாலு நாள் மனுசன் மாதிரி பேசுனேன்… சந்திரா! ஏ சந்திரா…ஆ! நீ… டீ… குடிச்சியா? டீ!

சந்திரம்மாள்: என்னண்ணே?

குழந்தைசாமி: டீ! டீ!

சந்திரம்மாள்: ஆங், குடிச்சேன் குடிச்சேன்.

வடிவேல்: ஏன் மச்சான், அவகிட்டப் பேசும்போது மட்டும் வாய அண்டாவாட்டம் தொறந்து தொறந்து பேசுறீங்க?

குழந்தைசாமி: அது… ஒண்ணுமில்ல மாப்ளே. கிரஷர்ல நின்னு நின்னு அப்படியே பழகிருச்சு.

சந்திரம்மாள்: நீ கல்லப் பாரு மாமா. அண்ணே, இங்க வந்து இந்த ஓட்டைக்குள்ள வெரல விட்டுப் பாருங்க. நானும் காலைலேருந்து பாக்குறேன். மேல அகலமா இருக்கு. அடிப்பக்கம் போகப் போகக் குறுகுது.

குழந்தைசாமி: ஆமா… புனல் மாதிரி இருக்கு.

வடிவேல்: குனிஞ்சுக்கிட்டு என்ன மச்சான் சொல்றீங்க? நிமிந்து சொல்லுங்க.

குழந்தைசாமி: புனல் மாதிரி இருக்குங்கறேன்யா! வாய் அகலமா இருந்தா கல்லு ஜோரா உள்ள எறங்கும். அடியில குறுகுனா அங்கயே ஆப்படிச்ச மாதிரி நின்னுக்கும். இதுவே மேல குறுகலா, கீழ அகலமா இருந்தா நுழைஞ்ச கல்லு நிக்காம விழுந்துரும்ல? மாப்ளே… அடப்பாவி மாப்ளே! ரப்பரத் தலகீழாப் போட்டு மாட்டியிருக்கியா நீ?

வடிவேல்: தலகீழா? சல்லடைக்கு ஏது மச்சான் தல, ஏது காலு? எத்தன வருசமா கம்பி மாட்டுறேன். எந்தப் பக்கம் போட்டாலும் ஒண்ணுதான்.

குழந்தைசாமி: கம்பிக்குச் சரி. இது ரப்பராச்சே! ஏஜெண்ட்டு சாக்பீஸ்ல கோடு போட்டு, இதுதான் மேல்பக்கம்னு காட்டுனானே?

வடிவேல்: கல்லு ஓடுற எடத்துல சாக்பீஸ் கோடு நிக்குமா? அழிஞ்சுபோச்சு.

குழந்தைசாமி: கர்மம், கர்மம்! இதுக்காடா இத்தன கூத்து? லாலாகிட்ட நான் எத்தன பேச்சு வாங்குனேன்! போன பிறவில உனக்கு என்ன கடன்பட்டேனோ… சரி, போனது போகட்டும். கம்பி மாட்டுன கை, பழக்கதோசம். வெளிய சொல்லாத, சிரிப்பானுங்க. ஜல்தியா எல்லாத்தையும் கழட்டித் திருப்பிப் போடு.

வடிவேல்: நட்டெல்லாம் இறுகிக் கெடக்கு மச்சான். கைல இருக்கிறது சின்னது.

குழந்தைசாமி: நட்டு கழட்டுற பெரிய பானா கொட்டகைல இருக்கு, நான் போயி எடுத்துக்கிட்டு ரெண்டு ஆளையும் கூட்டிட்டு வரேன். மிசின் ஃப்யூஸு என் பாக்கெட்லதான் இருக்கு, பயப்படாம வேலயப் பாருங்க. சந்திரா! நான்… கீழ… போறேன்! நீ… பாத்து!

சந்திரம்மாள்: சரிண்ணே, சரிண்ணே.

வடிவேல்: உங்க அண்ணனுக்கு வயசாக வயசாக என்னமோ ஆயிருச்சு. ஒவ்வொரு சொல்லுக்கும் கையையும் காலையும் ஆட்டுறாரு.

சந்திரம்மாள்: அத விடு. கம்பியக் கீழ போடு. என்னப் பாரு.

வடிவேல்: என்ன? அவர் வர்றதுக்குள்ள இந்த ஓரத்தையாவது முடிக்கலாம்னு பாத்தா…

சந்திரம்மாள்: அண்ணன் நம்பிட்டாரு. நான் நம்பல.

வடிவேல்: எத?

சந்திரம்மாள்: தெரியாமத் தலகீழாப் போட்டேங்கறத.

வடிவேல்: நீயும் ஆரம்பிச்சிட்டியா? கம்பி மாட்டிப் பழகுன கைன்னு அவரே சொல்லிட்டுப் போறாரு…

சந்திரம்மாள்: அந்தக் கதய அவரோட வெச்சுக்க. ஏஜெண்ட்டு பக்கத்துல நின்னப்ப சரியாத்தான மாட்டுன? நாலு நாள் ஓடுச்சுல்ல? செவ்வாக்கெழம நட்டு லூசாயிருக்குன்னு சொல்லிட்டு, தொணைக்கு ஆள் கூட வேணாம்னு நீ மட்டும் மேல ஏறுன. அன்னைக்கு சாயங்காலத்துலேருந்துதான் அடைப்பு.

வடிவேல்: லூசாயிருந்துச்சு, கழட்டுனேன். மாட்டும்போது மாறிப்போச்சு. மனுசனுக்கு மாறவே கூடாதா?

சந்திரம்மாள்: நாலு ரப்பர்த் துண்டுமா மாறும்? ஒண்ணுகூடவா சரியா விழாது? அடில கைய விட்டுத் தடவிப் பாரு மாமா. கல்லு ஓடி வழவழன்னு ஆன பக்கம் கீழ கெடக்கு. இன்னும் சொரசொரப்புப் போகாத பக்கம் மேல இருக்கு. ஊர்ப்பட்ட மிசினக் கழட்டி மாட்டுற கைக்கு இது தெரியலன்னு என்கிட்டயே சொல்றியா?

வடிவேல்: மெதுவாப் பேசுடி! கீழ ஆள் நிக்குறாங்க.

சந்திரம்மாள்: யாருக்கும் கேக்காது. நீ பயப்படாத.

வடிவேல்: கேக்காதாம்! உன் தொண்டைய எனக்குத் தெரியாதா? பேச ஆரம்பிச்சா மெஹ்ரோலி ரோடு வரைக்கும் கேக்கும்.

குழந்தைசாமி: மாப்ளே! என்னய்யா, உன் குரல் மட்டும் தனியாக் கேக்குது? யாரோட பேசிக்கிட்டிருக்க? அவ தூங்கிட்டாளா?

சந்திரம்மாள்: கொட்டகை வாசல்லேருந்து அண்ணன் என்னமோ கேக்குறாரு. திரும்பிக் கைய ஆட்டு.

வடிவேல்: ஆங்… ஆச்சு மச்சான், ஆச்சு! …என்ன கேட்டாரு?

சந்திரம்மாள்: ஒண்ணுமில்ல. பேச்ச மாத்தாத. எதுக்குத் திருப்பிப் போட்ட?

வடிவேல்: ஏண்டி இப்படி உயிர எடுக்குற? சரி, வேணும்னுதான் போட்டேன். போதுமா? கம்பி அடிக்கடி அறுந்துச்சு, அதனால லாலாவுக்கு நான் தேவப்பட்டேன். இது தேயவே தேயாதுங்கறான். அப்புறம் ஃபிட்டர் எதுக்கு? வாசல் பெருக்கவா?

சந்திரம்மாள்: பொய்.

வடிவேல்: என்ன பொய்?

சந்திரம்மாள்: பெல்ட் இருக்கு, பேரிங் இருக்கு, பாறைய ஒடைக்கிற தாடை இருக்கு. உனக்கா வேல இல்ல? கம்பி மாத்துற அன்னைக்கெல்லாம் கையெல்லாம் கிழிச்சுக்கிட்டு வந்து, இந்த வேலையும் ஒரு வேலையான்னு லாலாவையும் அவன் பாட்டனையும் திட்டுவ. மஞ்சள் வெச்சுக் கட்டி விடுறவ நான். அந்தக் கம்பி போச்சேன்னு நீயா அழுவ?

வடிவேல்: பின்ன எதுக்குங்கற நீ?

சந்திரம்மாள்: அத நீ சொல்லணும்.

வடிவேல்: சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.

சந்திரம்மாள்: அப்ப நான் சொல்றேன். திங்கக்கெழம பெல்ட்டுக்குள்ள தலைய விட்டுக் கெடந்தியே. மிசினப் போடப் போறேன்னு ஸ்விட்சுகிட்டேருந்து பச்சைமுத்து 'ஹட் ஜாவ், ஹட் ஜாவ்'னு கத்துனான். எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. நீ அசையல. நான் கூடயத் தூக்கி எறிஞ்சிட்டு ஓடிவந்து உன் சட்டயப் புடிச்சு இழுத்தேன். சட்ட கிழிஞ்சுது. நீ ஏண்டி இழுத்தன்னு என்னத் திட்டுன. மறுநாளே ரப்பர் தலகீழாப் போயிருச்சு.

வடிவேல்: அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு என்னமோ முனகுனான்…

சந்திரம்மாள்: முனகுனானா? ரோட்டுல போன லாரிக்காரன் பிரேக்கப் போட்டு எறங்கி வந்தான் மாமா.

வடிவேல்: காதுல தூசி அடைச்சிருந்துச்சு. இப்பச் சரியாப் போச்சு.

சந்திரம்மாள்: சரியாப் போச்சா?

வடிவேல்: ஆமா! என் காது நல்லாத்தான் இருக்கு. என்ன பாக்குற? இவ்வளவு நேரமா நொய்நொய்யுன்னு நீ கேக்குற ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்? ஒண்ணாவது மாத்திச் சொன்னேனா?

சந்திரம்மாள்: ஒண்ணும் மாத்திச் சொல்லல.

வடிவேல்: அப்புறமென்ன? செவிடன் பதில் சொல்லுவானா?

சந்திரம்மாள்: அண்ணன் ஏணில எறங்குனதுலேருந்து நான் சத்தமே போடல மாமா. உதட்ட மட்டுந்தான் அசைக்கிறேன். இப்பக்கூட.

வடிவேல்: …எப்பலேருந்து தெரியும் உனக்கு?

சந்திரம்மாள்: போன மழையிலேருந்து. ஜுக்கித் தகரத்து மேல கொட்டு கொட்டுன்னு கொட்டுது, நீ பாட்டுக்குச் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே 'மழை வந்தாலும் வரும், கொடில கெடக்குற துணிய எடுத்துரு'ங்கற. நான் அடுப்புகிட்டத் திரும்பி உக்காந்துக்கிட்டேன். நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்… சொல்லல.

வடிவேல்: எப்படிச் சொல்றது? செவிட்டு ஃபிட்டர எவன் மிசின் மேல ஏத்துவான்? கம்பி ஓடுன வரைக்கும் கவலையில்ல சந்திரா. அந்தச் சத்தத்துல எல்லாரும் செவிடந்தான். லாலாவே வந்தாலும் கையக் காட்டித்தான் பேசணும். நான் பாட்டுக்கு அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன். இந்த ரப்பரு வந்துச்சு… எல்லாரும் பேச ஆரம்பிச்சிட்டீங்க. பின்னால நின்னு கூப்பிடுறீங்க. அங்க ஒருத்தி பாடுறா, இங்க நாலு பேரு சிரிக்கிறாங்க. நான் மட்டும் ஒவ்வொரு மூஞ்சியா பாத்துப் பாத்து, எப்ப சிரிக்கணும்னு தெரியாம… செத்துட்டேன்டி அந்த நாலு நாளும்.

சந்திரம்மாள்: அதுக்கு? திரும்ப அந்தக் கம்பியக் கட்டி, உனக்கு மிச்சமிருக்கிறதும் போகணுமா? வீராயிக்கும் போகணும், எனக்கும் போகணும், அதான?

வடிவேல்: அப்படியெல்லாம் நெனைக்கல. பயந்துட்டேன்.

சந்திரம்மாள்: திருப்பிப் போடு மாமா. சரியான பக்கமா.

வடிவேல்: போடுறேன். போடாம வேற வழி? போட்டுட்டு? பச்சைமுத்து கத்திட்டு ஸ்விட்சப் போட்டுருவான். அன்னைக்கு நீ இழுத்த. நாளைக்கு நீ அந்தப் பக்கம் ஜல்லி அள்ளிக்கிட்டிருந்தா?

சந்திரம்மாள்: இனி கத்த மாட்டான். கம்பி இருந்தப்ப செவப்புத் துணிய ஆட்டிட்டுத்தான போடுவான்? ரப்பர் வந்ததும் துணியத் தூக்கி எறிஞ்சிட்டு வாயால கத்த ஆரம்பிச்சிட்டான். அந்தத் துணிய மறுபடி எடுக்கச் சொல்லியாச்சு. துணிய ஆட்டி, எல்லாரும் எறங்குனதக் கண்ணால பாத்துட்டுத்தான் ஸ்விட்சு. அண்ணன் உத்தரவு.

வடிவேல்: உங்க அண்ணனா? அவர் லேசுல ஒத்துக்க மாட்டாரே. எதுக்கு, ஏன்னு குடைவாரே.

சந்திரம்மாள்: குடைஞ்சாரு.

வடிவேல்: சொல்லிட்டியா? அடிப்பாவி… போயும் போயும் அவர்கிட்டயா! மச்சானுக்குத் தெரிஞ்சா லாலாவுக்குத் தெரிஞ்ச மாதிரி. இத்தன நாள் மறைச்சு மறைச்சு… இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த மிசின்ல ஏறுவேன்? ஒரு வார்த்த என்னக் கேட்டியா நீ?

சந்திரம்மாள்: உனக்குன்னு எங்க சொன்னேன்? எனக்குக் காது போச்சுன்னுதான் சொன்னேன். ஜல்லி அள்றவளக் காது கேக்கலன்னு யாரும் தொரத்த மாட்டாங்க. அதுக்குத்தான் அண்ணன் என்கிட்ட அண்டாவாட்டம் வாயத் தொறக்குறாரு, நானும் 'என்னண்ணே, என்னண்ணே'ங்கறேன். அதோ, பானாவத் தூக்கிக்கிட்டு ஏணில ஏறுறாரு பாரு. கண்ணத் தொடச்சுக்க மாமா… அவர் முன்னாடி என்னப் பேர் சொல்லிக் கூப்பிடாத. தோளத் தொட்டுக் கூப்பிடு.